உடைந்த கை 4½ மாதமாக ஒட்டவில்லை! இடுப்பு எலும்பை வெட்டி வைத்து ஒட்ட வைத்தார்கள்

மோட்டார் சைக்கிள் பந்தய வீரர் மார்க்கெஸ் பட்ட பாடு

ஸ்பெயின் நாட்டு மோட்டார் சைக்கிள் பந்தய வீரர் மார்க் மார்க்கெஸ். டெலிவிஷனில் பந்தயம் பார்க்கும் நம் ஊர் வாலிபர்களுக்கு இவரை அறிமுகப்படுத்த வேண்டியது இல்லை.

2020-ம் ஆண்டு இவருடைய வலது கை முறிந்தது. டாக்டர்கள் பிளேட் வைத்து ஸ்க்ரூ முடுக்கினார்கள். அந்தப் பிளேட் கெட்டுப் போனது. வேறு பிளேட் வைத்தார்கள். எலும்பு ஒட்டவே இல்லை.

கடைசியில் அவருடைய இடுப்பில் இருந்தே எலும்பை வெட்டி எடுத்து, கையில் முறிந்த இடத்தில் வைத்தார்கள். 8 மணி நேரம் ஆபரேஷன் நடந்தது.

அந்தக் கையோடுதான் அவர் 2025-ம் ஆண்டு மறுபடியும் உலக சாம்பியன் ஆனார்.

எங்கேயோ சீமையில் ஒரு பணக்கார வீரருக்கு நடந்த கதைதானே என்று தள்ளி விட முடியாது. சென்னையில் பெரிய ஆஸ்பத்திரி எதிலும் எலும்பு முறிவு வார்டுக்குப் போய்ப் பாருங்கள். "ஆறு மாசம் ஆச்சு, இன்னும் ஒட்டலைங்க" என்று எக்ஸ்-ரே கவரைக் கையில் பிடித்துக் கொண்டு யாராவது ஒருவர் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். அவருக்கும் டாக்டர் இதே வைத்தியத்தைத்தான் சொல்லுவார்.

மார்க்கெஸ் கதையின் விவரம் வருமாறு:-

ஜெரஸ் பந்தயம்

மார்க்கெஸ் 1993-ல் பிறந்தவர். சொந்த ஊர் செர்வேரா. 2019-ம் ஆண்டு முடிவதற்குள் 8 உலக சாம்பியன் பட்டம் வாங்கி விட்டார். அதில் 6 பட்டம் மோட்டோ ஜிபி என்ற பெரிய பந்தயத்தில். எதிரில் நிற்க ஆள் இல்லை என்ற நிலை.

2020-ல் கொரோனா வந்ததால் பந்தயங்கள் தள்ளிப் போயின. ஜூலை 19-ந் தேதி ஸ்பெயினில் உள்ள ஜெரஸ் என்ற ஊரில் முதல் பந்தயம் நடந்தது.

ஆரம்பத்திலேயே மார்க்கெஸ் தடம் மாறி மணலில் இறங்கினார். பின்னால் தள்ளப்பட்டார். விடவில்லை. ஒவ்வொருவராக முந்தி, மூன்றாவது இடம் வரை வந்து விட்டார். இன்னும் சில சுற்றுகள்தான் பாக்கி.

அப்போது வண்டி அவரைத் தூக்கி எறிந்தது. உருண்டு வந்த வண்டி அவருடைய கையில் மோதியது.

வலது கையில், தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் இருக்கிற எலும்பு முறிந்தது.

21-ந் தேதி பார்சிலோனா ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். எலும்பை நேராக்கி, டைட்டானியம் பிளேட் வைத்து முடுக்கினார்கள். கையை அசைக்க உதவும் நரம்புக்குச் சேதம் இல்லை. எல்லாரும் பெருமூச்சு விட்டார்கள்.

நாலே நாள்!

இதற்குப் பிறகு நடந்ததுதான் விபரீதம்.

அதே ஜெரஸ் மைதானத்தில் அடுத்த வாரமே இன்னொரு பந்தயம் இருந்தது. ஆபரேஷன் முடிந்து நாலாவது நாள், ஜூலை 25-ந் தேதி, மார்க்கெஸ் வண்டியில் ஏறினார். ஓட்டலாம் என்று டாக்டர் அனுமதியும் கிடைத்தது.

மணிக்கு 300 கிலோ மீட்டருக்கு மேல் போகிற வண்டி. பிரேக் பிடிக்கும் போதெல்லாம் உடம்பின் கனம் முழுவதும் கையில் இறங்கும். சில சுற்றுகள் ஓட்டினார். கை ஒத்துழைக்கவில்லை. பந்தயத்தில் இருந்து விலகினார்.

வீட்டுக்குப் போனவர், ஒரு நாள் ஜன்னலைத் திறந்திருக்கிறார். பெரிய ஜன்னல். அவ்வளவுதான். கையில் இருந்த பிளேட் கெட்டுப் போனது.

ஆகஸ்டு 3-ந் தேதி இரண்டாவது ஆபரேஷன். பழைய பிளேட்டை எடுத்து விட்டு வேறு வைத்தார்கள்.

"ஜன்னலைத் திறந்ததற்கா இரும்பு உடையும்?" என்று கேட்கலாம். உடைந்தது ஜன்னலால் அல்ல. ஒரு கம்பியை இப்படியும் அப்படியுமாக வளைத்துக் கொண்டே இருந்தால் என்ன ஆகும்? ஏதோ ஒரு வளைப்பில் பட்டென்று போகும். பிளேட்டும் அப்படித்தான். எலும்பு ஒட்டுகிற வரைக்கும் தாங்கிப் பிடிப்பதுதான் அதன் வேலை. எலும்பு ஒட்டாமல் சும்மா இருந்தால், எவ்வளவு நல்ல பிளேட்டாக இருந்தாலும் ஒரு நாள் களைத்துப் போகும்.

பிளேட்டுக்கும் எலும்புக்கும் நடக்கிற ஓட்டப்பந்தயம் இது. எது முதலில் முடிகிறதோ, அதைப் பொறுத்தது ஆளின் கதி.

ஒட்டாதது ஏன்?

எலும்பு முறிந்தால் தானாக ஒட்டும். அது உடம்பின் சுபாவம். முறிந்த இடத்தில் ரத்தம் கட்டும். அதன் மேல் பசை போல இளம் திசு வளரும். சில வாரத்தில் அது கெட்டியாகும். பிறகு சுண்ணாம்புச் சத்து ஏறி நிஜ எலும்பு ஆகும். கை எலும்புக்குச் சுமார் 3 மாதம். கெண்டைக்கால் எலும்புக்கு 4 மாதம், 5 மாதம், சில பேருக்கு அதற்கு மேலும்.

இதற்கு முக்கியமாக இரண்டு வேண்டும். ஒன்று, ரத்த ஓட்டம். இன்னொன்று, முறிந்த இடம் ஆடாமல் இருப்பது.

இரண்டில் ஒன்று குறைந்தாலும் எலும்பு ஒட்டாமல் நின்று விடும். முறிந்த இரண்டு முனைக்கும் நடுவில் நார் மாதிரி ஒன்று வளர்ந்து அடைத்துக் கொள்ளும். மூட்டே இல்லாத இடத்தில் மூட்டு வந்தது போல எலும்பு அசையும். "பொய் மூட்டு" என்று இதற்குப் பெயர். 9 மாதம் ஆகியும் ஒட்டவில்லை, அதிலும் கடைசி 3 மாதமாக எக்ஸ்-ரேயில் எந்த முன்னேற்றமும் தெரியவில்லை என்றால், இது "நான் யூனியன்" என்று டாக்டர்கள் முடிவு கட்டுவார்கள். பிளேட் உடைந்து போன மாதிரி கேஸ்களில் அத்தனை நாள் காத்திருப்பதும் இல்லை.

எந்த எலும்பு அதிகமாக ஏமாற்றும்? கெண்டைக்கால் எலும்பு. முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் தடவிப் பாருங்கள். தோல், அதன் கீழே உடனே எலும்பு. நடுவில் சதையே கிடையாது. சதை இல்லாத இடத்தில் ரத்த ஓட்டம் குறைவு. மோட்டார் சைக்கிளில் போகிறவன் மேல் கார் பம்பரோ, லாரி சக்கரமோ மோதினால் முதலில் அடி வாங்குவதும் அந்த இடம்தான். எலும்பு தோலைக் கிழித்துக் கொண்டு வெளியே வந்து விடும். மண்ணும் தாரும் காயத்துக்குள் போகும். சீழ் பிடிக்கும்.

சீழ் பிடித்த இடத்தில் எலும்பு ஒட்டுவது குதிரைக் கொம்பு.

பீடி, சிகரெட்

இன்னும் ஒரு எதிரி இருக்கிறது. ஆஸ்பத்திரி வாசல் டீக்கடையிலேயே விற்கிறது.

பீடி, சிகரெட்டில் உள்ள நிகோடின் ரத்தக் குழாய்களைச் சுருக்கும். புகை பிடிக்கிறவர்களுக்கு எலும்பு மெதுவாக ஒட்டும், ஒட்டாமலே போகிற ஆபத்தும் கூடுதல் என்பது பல முறை நிரூபிக்கப்பட்ட விஷயம். வார்டில் கட்டிலை விட்டு இறங்க முடியாத ஆள் கூட, அட்டெண்டரிடம் கெஞ்சி சக்கர நாற்காலியில் போய் ஒரு தம் அடித்து விட்டு வருவார். ஆயிரக்கணக்கில் செலவு செய்து எலும்பு வைத்துக் கொண்டு, ஒரு சிகரெட்டில் அதைக் கெடுத்துக் கொள்வதை என்னவென்று சொல்வது?

சர்க்கரை வியாதியைக் கட்டுப்பாட்டில் வைக்காதவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு.

புத்தூர் கட்டு

எலும்பு என்றாலே நம் ஊரில் புத்தூர் கட்டு ஞாபகம் வரும். ஆந்திராவில் திருப்பதிக்குப் பக்கத்தில் இருக்கிறது புத்தூர். மூலிகை, முட்டை வெள்ளைக்கரு, மூங்கில் தப்பை வைத்துக் கட்டுவார்கள். "புத்தூர் கட்டு" என்று போர்டு போட்ட கடைகள் சென்னையில் தெருவுக்குத் தெரு உண்டு.

நேராக விரிசல் விட்ட எலும்பு, இடம் பெயராத முறிவு — இவை அசையாமல் கட்டினாலே ஒட்டிக் கொள்ளும். அதில் கட்டுக்காரருக்கு நல்ல பெயர் கிடைத்து விடும். அதைக் குறை சொல்ல வேண்டியது இல்லை.

ஆனால் எலும்பு வெளியே வந்த காயத்துக்கும், துண்டு துண்டாக நொறுங்கிய எலும்புக்கும் போய் இறுக்கிக் கட்டினால்? ரத்த ஓட்டம் நின்று கால் கறுத்துப் போகலாம். காலையே எடுக்க நேரிடும். கால் பிழைத்தாலும் எலும்பு கோணலாக நிற்கும், அல்லது ஒட்டாமல் நிற்கும். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிக்கு வந்தால் வேலை இரண்டு மடங்கு.

அதே சமயம், ஆஸ்பத்திரியில் பிளேட் வைத்தாலும் எலும்பு ஒட்டாமல் போகும் என்பதற்கு மார்க்கெஸே சாட்சி. உலகத்திலேயே நல்ல டாக்டர்கள் அவரைச் சுற்றி நின்றார்கள். ஆகஸ்டு போனது. செப்டம்பர், அக்டோபர் போனது. அந்த வருஷத்துப் பந்தயங்கள் எல்லாம் முடிந்தே போயின. முறிந்த இடம் மட்டும் அப்படியே இருந்தது.

இடுப்பில் இருந்து எலும்பு

டிசம்பர் 3-ந் தேதி. மாட்ரிட் நகரத்து ஆஸ்பத்திரியில் மூன்றாவது ஆபரேஷன். டாக்டர்கள் சாமுவேல் அந்துனா, இக்னாசியோ ரோஜர் தே ஓனா ஆகியோர் கொண்ட குழு செய்தது.

பழைய பிளேட்டை எடுத்தார்கள். புது பிளேட் வைத்தார்கள். முறிந்த இடத்தில் மார்க்கெசின் இடுப்பு எலும்பில் இருந்து எடுத்த துண்டை வைத்தார்கள். இதுதான் "போன் கிராப்ட்" என்ற எலும்பு ஒட்டு வைத்தியம்.

இடுப்பில் எந்த இடம்? பெண்கள் தண்ணீர்க் குடத்தை இடுக்கிக் கொள்கிற மேடு இருக்கிறதே, அந்த எலும்பு விளிம்பு. அங்கே மேலே ஓடு மாதிரி கெட்டி எலும்பு இருக்கும். உள்ளே பஞ்சு மாதிரி இளகிய எலும்பு இருக்கும். அந்தப் பஞ்சில்தான் உயிர். கொஞ்சம் வெட்டிக் கொண்டாலும் நடப்பதற்கும் உட்காருவதற்கும் குறை வராது.

வீடு கட்டுகிற இடத்தை நினைத்துக் கொள்ளுங்கள். சாரம் வேண்டும். கொத்தனார் வேண்டும். "இங்கே கட்டு, அங்கே பூசு" என்று சொல்ல மேஸ்திரி வேண்டும். இடுப்பு எலும்பில் இந்த மூன்றும் ஒன்றாகக் கிடைக்கின்றன. அதன் நரம்பு போன்ற வலைதான் சாரம். அதில் இருக்கும் உயிரணுக்கள் கொத்தனார். எலும்பு வளரச் சொல்லித் தூண்டுகிற சில புரதங்கள் மேஸ்திரி.

இறந்தவர்கள் தானம் கொடுத்த எலும்பையும் பயன்படுத்துவது உண்டு. செயற்கையாகச் செய்த சுண்ணாம்புத் துகளும் கடையில் கிடைக்கிறது. அவற்றில் சாரம் இருக்கும். கொத்தனார் இருக்க மாட்டார். அதனால்தான் இத்தனை கண்டுபிடிப்புக்குப் பிறகும் "சொந்த இடுப்பு எலும்புக்கு ஈடு இல்லை" என்று டாக்டர்கள் சொல்கிறார்கள்.

வைப்பதற்கு முன்னால் இன்னொரு வேலை இருக்கிறது. முறிந்த இடத்தில் வளர்ந்த நாரை எல்லாம் சுரண்டி எடுக்க வேண்டும். செத்துப் போன எலும்பு முனையைச் சீவ வேண்டும். புள்ளி புள்ளியாக ரத்தம் கசிகிற வரைக்கும் சீவுவார்கள். ரத்தம் வந்தால்தான் அது உயிருள்ள எலும்பு. பிறகு ஆடாமல் பிளேட் போட்டு, இடுப்பில் எடுத்த எலும்பைத் துருவல் மாதிரி சுற்றிலும் அடைப்பார்கள்.

மார்க்கெசுக்கு இது மட்டும் போதாது என்று டாக்டர்கள் முடிவு செய்தார்கள். எலும்பைப் போர்வை போல மூடியிருக்கும் சவ்வு ஒன்று உண்டு. எலும்புக்கு ரத்தம் கொடுப்பதில் அதற்குப் பெரிய பங்கு. எலும்புச் சீவலோடு சேர்ந்த சவ்வுத் துண்டு ஒன்றையும், அதற்கு ரத்தம் ஓடும்படியாக அங்கே வைத்துத் தைத்தார்கள். நூல் இழை போன்ற ரத்தக் குழாய்களைப் பெரிதாக்கிப் பார்த்துக் கொண்டே தைக்கிற வேலை. 8 மணி நேரம் ஆனதில் ஆச்சரியம் இல்லை.

ஒளிந்திருந்த கிருமி

ஆபரேஷனின் போது முறிந்த இடத்தில் இருந்து எடுத்ததைச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். சில நாளில் முடிவு வந்தது.

உள்ளே கிருமி இருந்தது!

வெளியே சீழ் இல்லை. ஆனால் பிளேட்டுக்கு அடியில் கிருமி பதுங்கி இருந்திருக்கிறது. வாரக்கணக்கில் அதற்கென்று தனியாக மருந்து கொடுத்தார்கள்.

எலும்பு ஒட்டாத கேஸ் என்றால் "கிருமி இருக்கிறதா?" என்ற கேள்வியைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்பது எலும்பு வைத்தியத்தில் பாலபாடம். கிருமி இருக்கிற இடத்தில் எலும்பை மட்டும் கொண்டு போய் வைத்தால், வைத்த எலும்பும் சேர்ந்து அழுகும்.

கிருமி அதிகமாக இருந்து, எலும்பும் நிறையப் போய் விட்டால் இரண்டு தவணையாகச் செய்கிற முறை ஒன்று உண்டு. மாஸ்கலே என்ற பிரெஞ்சு டாக்டர் கொண்டு வந்தது. முதலில் கெட்ட எலும்பை வெட்டி எறிந்து விட்டு, அந்தக் காலி இடத்தில் மருந்து கலந்த சிமெண்டை அடைப்பார்கள். 6 முதல் 8 வாரத்தில் அந்தச் சிமெண்டைச் சுற்றி உடம்பு ஒரு சவ்வுப் பை பின்னி விடும். பிறகு பையைத் திறந்து, சிமெண்டை எடுத்து விட்டு, இடுப்பு எலும்பை நிரப்பித் தைத்து விடுவார்கள். நம் ஊர் ஆஸ்பத்திரிகளிலும் இது நடக்கிறது.

நாயின் எலும்பு

எலும்பு வைத்து ஒட்டுவது நேற்று வந்த வைத்தியம் அல்ல.

1668-ம் ஆண்டு வெளிவந்த ஒரு டச்சு டாக்டரின் புத்தகத்தில் வேடிக்கையான விவரம் இருக்கிறது. ரஷியப் போர் வீரன் ஒருவனுக்கு மண்டை ஓட்டில் ஓட்டை. அதில் நாயின் எலும்பை வைத்து அடைத்தார்களாம். குணமாகி விட்டது. நாய் எலும்பு வைத்தவன் என்று சொல்லி அவனை மதத்தில் இருந்து தள்ளி வைத்து விட்டார்கள். "எலும்பை எடுத்து விடுங்கள்" என்று வந்து கேட்டிருக்கிறான். அதற்குள் அது நன்றாக ஒட்டிப் போயிருந்ததாம்!

நீள எலும்புக்கு மனித எலும்பையே வைத்து வெற்றி கண்டவர் ஸ்காட்லாந்து நாட்டில் கிளாஸ்கோ நகர டாக்டர் வில்லியம் மக்யூவன். 1880-ம் ஆண்டு வாக்கில் ஒரு சின்னப் பையன். சீழ் பிடித்து மேல்கை எலும்பு பெரும்பகுதி போய் விட்டது. மார்க்கெசுக்கு முறிந்த அதே எலும்பு. கையை வெட்டி விடலாம் என்ற நிலைமை. கால் வளைந்த வேறு பிள்ளைகளுக்கு ஆபரேஷன் செய்தபோது வெட்டி எடுத்த ஆப்பு போன்ற எலும்புத் துண்டுகளை மக்யூவன் இந்தப் பையன் கையில் வைத்தார். கை பிழைத்தது.

வலி எங்கே?

இந்த ஆபரேஷன் செய்து கொண்டவர்களைக் கேட்டால் ஒரு விஷயம் சொல்வார்கள். முறிந்த காலை விட, எலும்பு எடுத்த இடுப்புதான் அதிகம் வலிக்கும். முதல் சில நாள் படுக்கையில் திரும்ப முடியாது. இருமினால் வலிக்கும். சில பேருக்கு அந்த வலி மாதக்கணக்கில் நீடிப்பதும் உண்டு. தொடையின் வெளிப்பக்கம் மரத்துப் போனது போல இருப்பதும் உண்டு. இதை முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டுத் தெரிந்து கொண்டால் பிறகு பயப்பட வேண்டியது இல்லை.

இன்னொரு விஷயம். எலும்பு ஒட்டாத எல்லாருக்கும் இடுப்பு எலும்பு தேவை என்பது இல்லை. எக்ஸ்-ரேயில் முறிந்த முனை யானைக்கால் மாதிரி பருத்துத் தெரிந்தால், அங்கே ரத்த ஓட்டம் நன்றாக இருக்கிறது, ஆட்டம்தான் காரணம் என்று அர்த்தம். கெட்டியாக முடுக்கினாலே பெரும்பாலும் ஒட்டும். முனை மெலிந்து பென்சில் சீவியது போல இருந்தால்தான் வெளியில் இருந்து எலும்பு வைக்க வேண்டும்.

சைபீரியா டாக்டர்

எலும்பை வெட்டி வைக்காமல், எலும்பையே இழுத்து வளர்க்கிற வித்தையும் ஒன்று இருக்கிறது. சைபீரியாவில் குர்கான் என்ற ஊரில் இருந்த டாக்டர் இலிசரோவ் கண்டுபிடித்தது. காலைச் சுற்றி வளையம் வளையமாக இரும்பு மாட்டி, ஒரு நாளைக்கு ஒரு மில்லி மீட்டர் வீதம் திருகித் திருகி நகர்த்துவார்கள். பின்னாலேயே புது எலும்பு வளர்ந்து கொண்டு வரும்.

இதுவும் மோட்டார் சைக்கிளோடு சம்பந்தப்பட்ட கதைதான். வலேரி புரூமெல் என்ற ரஷியர் 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் உயரம் தாண்டுவதில் தங்கம் வாங்கியவர். மறு வருஷம் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போனபோது விபத்து. கால் நொறுங்கியது. ஆபரேஷன் மேல் ஆபரேஷன். கால் ஒட்டவில்லை. 1968-ல் இலிசரோவிடம் போனார். கால் ஒட்டியது. மறுபடியும் தாண்டவும் செய்தார். இலிசரோவ் பெயர் நாடு முழுக்கப் பரவியதற்கு அந்த ஒரு காலும் காரணம்.

நம் ஊரிலும் காலில் வளையம் மாட்டிக் கொண்டு, லுங்கியை மடித்துக் கட்டி ஆட்டோவில் ஏறுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். அது இதுதான்.

கோணலாக ஒட்டியது!

மார்க்கெஸ் 2021-ம் ஆண்டு ஏப்ரல் 18-ந் தேதி போர்ச்சுகலில் பந்தயத்துக்குத் திரும்பினார். 7-வது இடம். பந்தயம் முடிந்து இறங்கியவர் தேம்பி அழுதார். ஜூன் 20-ந் தேதி ஜெர்மனியில் முதல் இடம்!

எலும்பு ஒட்டி விட்டது. எல்லாம் முடிந்தது என்று நினைத்தார்கள். முடியவில்லை.

கை பழையபடி இல்லை. வலி. வண்டியில் உட்காரும்போது முழங்கை தனியாக நீட்டிக் கொண்டு நின்றது. சோதித்துப் பார்த்தால், எலும்பு சுமார் 34 டிகிரி திரும்பிய நிலையில் ஒட்டியிருந்தது.

2022-ம் ஆண்டு ஜூன் 2-ந் தேதி அமெரிக்காவில் மேயோ கிளினிக் ஆஸ்பத்திரியில் நாலாவது ஆபரேஷன். டாக்டர் சாஞ்சஸ் சோட்டெலோ, அவ்வளவு பாடுபட்டு ஒட்டிய எலும்பை மறுபடியும் வெட்டி, நேராகத் திருப்பி, பிளேட் போட்டு முடுக்கினார்.

இந்த முறை மார்க்கெஸ் நாலு நாளில் வண்டி ஏறவில்லை. செப்டம்பர் வரைக்கும் காத்திருந்தார். 2020-ல் அந்தப் பொறுமை இருந்திருந்தால் இந்தக் கதையே வேறு மாதிரி போயிருக்கலாம்.

2023 செப்டம்பரில் அவர் இந்தியாவுக்கும் வந்தார். டெல்லி பக்கத்தில் கிரேட்டர் நொய்டாவில் மோட்டோ ஜிபி பந்தயம் நடந்தது. சனிக்கிழமை நடந்த குறுகிய பந்தயத்தில் மூன்றாவது இடம் வாங்கினார்.

48 மணி நேரம்

மார்க்கெசுக்கு நாலு ஆபரேஷனுக்குப் பணம் இருந்தது. உட்கார்ந்து சாப்பிட வசதி இருந்தது. இங்கே லோடு ஏற்றுகிறவருக்கு, வீடு வீடாகச் சாப்பாடு கொண்டு போய்க் கொடுக்கிற பையனுக்கு?

விபத்து நடந்தவுடன் நிலைமை பரவாயில்லை. 108-க்குப் போன் செய்தால் ஆம்புலன்ஸ் வருகிறது. விபத்தில் அடிபட்டவர்களுக்கு முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை என்று "இன்னுயிர் காப்போம்" திட்டம் தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் ஆரம்பிக்கப்பட்டது. உயிர் பிழைப்பதற்கு அது பெரிய உதவி.

ஆனால் எலும்பு ஒட்டாத கதை 48 மணி நேரத்தில் தெரியாது. ஆறாவது மாதத்தில், ஒன்பதாவது மாதத்தில்தான் தெரியும். அப்போது கையில் காசு இருக்காது. வேலை போயிருக்கும். நகை அடகுக் கடையில் இருக்கும். பார்க்க வந்த சொந்தக்காரர்களும் வருவதை நிறுத்தி இருப்பார்கள். "இன்னும் ஒட்டலையா?" என்று கேட்பதற்கு மட்டும் தெருவில் ஆள் இருக்கும்.

இதனால் பலர் ஊன்றுகோலோடு வீட்டிலேயே இருந்து விடுகிறார்கள். விதி என்று விட்டு விடுகிறார்கள். விதி அல்ல. இது வைத்தியம் உள்ள வியாதி. அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் எலும்பு வைத்து ஒட்டுகிற ஆபரேஷன் நடக்கிறது. முதல்-அமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டை இருப்பவர்கள், தங்கள் கேசுக்கு அது செல்லுமா என்று ஆஸ்பத்திரியில் உள்ள காப்பீட்டு கவுண்டரிலேயே கேட்டுத் தெரிந்து கொள்ளலாம். பழைய எக்ஸ்-ரே, டிஸ்சார்ஜ் சீட்டு எல்லாவற்றையும் எடுத்துப் போவது முக்கியம். முதல் எக்ஸ்-ரேயும் கடைசி எக்ஸ்-ரேயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் எலும்பு நகர்ந்ததா, நின்றதா என்று டாக்டருக்குத் தெரியும்.

எப்போது சந்தேகப்பட வேண்டும்? 3, 4 மாதம் ஆகியும் காலை ஊன்றினால் அதே இடத்தில் சுருக்கென்று வலித்தால். முறிந்த இடம் லேசாக ஆடினால். தழும்பில் இருந்து நீர் கசிந்தால். நன்றாக இருந்த கால் திடீரென்று வளைந்தால் — பிளேட்டோ ராடோ உடைந்திருக்கலாம், அன்றைக்கே போக வேண்டும்.

எலும்பு வைத்த பிறகும் உடனே நடக்க முடியாது. வைத்த எலும்பு பிடித்துக் கொள்ள மாதங்கள் ஆகும். எப்போது காலை ஊன்றலாம் என்று எக்ஸ்-ரே பார்த்து டாக்டர்தான் சொல்ல வேண்டும். பக்கத்துப் படுக்கைக்காரர் சொல்லக் கூடாது. சில பேருக்கு முதல் தடவை வைத்த எலும்பும் ஒட்டாமல், இரண்டாவது தடவை வைக்க வேண்டி வருவதும் உண்டு.

2,184 நாள்

மார்க்கெஸ் 2024-ல் டுகாட்டி வண்டிக்கு மாறினார். 2025 செப்டம்பர் 28-ந் தேதி ஜப்பானில் மோட்டேகி என்ற இடத்தில் இரண்டாவதாக வந்தார். அந்த இடமே பட்டத்துக்குப் போதுமானதாக இருந்தது. 2019-ல் வாங்கிய பட்டத்துக்கும் இதற்கும் நடுவில் 2,184 நாள். இது அவருக்கு 9-வது உலக பட்டம்.

மறு வாரம், அக்டோபர் 5-ந் தேதி, இந்தோனேசியாவில் பந்தயம். முதல் சுற்றிலேயே பின்னால் வந்த வண்டி மோதியது. மார்க்கெஸ் தூக்கி எறியப்பட்டார். எழுந்தவர் தோளைப் பிடித்துக் கொண்டு நடந்தார்.

அடி பட்டது அதே வலது பக்கம்!

ஸ்பெயினுக்குக் கொண்டு போய் சோதித்தார்கள். தோள்பட்டையில் எலும்பு முறிவு, தசைநாரிலும் காயம் என்று தெரிந்தது. பழைய முறிவுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று அவருடைய டுகாட்டி அணி அறிவித்தது.